சித்தி பூசிய பசை

என் சித்தி எதையும் அளவாகச் செய்ததில்லை. ஒரு முடிச்சு போதுமென்ற இடத்தில் மூன்று போடுவாள். பூட்டிய கதவை நாலு படி இறங்கினபிறகு திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். சட்டைத் தொழிற்சாலையில் பித்தான் தைப்பது அவள் வேலை. அவள் தைத்த பித்தான் அறுந்து விழுந்ததாகச் சரித்திரமே இல்லை.

சித்தப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதிலிருந்து வாரத்தில் மூன்று நாள் காலையில் ரத்தம் சுத்தம் செய்யும் மெஷினில் கிடக்கவேண்டும். முடிந்து வரும்போது ஈரத்துணி மாதிரி துவண்டிருப்பார். பஸ்ஸில் நிற்க முடியாது. அவரை ஏற்றிப்போக என்னைவிட வயதில் மூத்த கார் ஒன்று இருந்தது. அது நின்ற இடத்திலெல்லாம் எண்ணெய் சொட்டியது. இன்னொரு கறை விழுந்தால் வண்டியை வெளியே நிறுத்திக்கொள்ளுங்கள் என்று குடியிருப்பு மேனேஜர் சொல்லிவிட்டார்.

மெக்கானிக்கிடம் வரிசையில் பதினைந்து வண்டி. அதனால் அவரிடம் கேட்டுக்கொண்டுவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தியே எண்ணெய் கசிந்த இடத்தை, எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் செயினை மூடியிருக்கும் கவரை, கழற்றினாள். பழைய பசையைச் சுரண்டினாள். புது சிலிக்கான் பசையை நூல் மாதிரி மெல்லிசாகப் பூசச் சொல்லியிருந்தார் மெக்கானிக். சித்தி ட்யூபையே காலி பண்ணினாள்.

ஒழுக்கு நின்றது. தினமும் காலையில் வண்டிக்கடியில் விரித்த செய்தித்தாளை எடுத்துப் பார்ப்பாள், சுத்தம். என் கை சும்மா இருக்குமா? ஒருநாள் அதில் நாலு சொட்டு கறுப்புக் காப்பி விட்டுவைத்தேன். பார்த்தவள் அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். காப்பிதான், முகர்ந்து பார் என்று நான் சொன்னபிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. அதற்கப்புறம் அந்தப் பேப்பர் பக்கம் நான் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஸ்டார்ட் செய்ததும் டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம். பேப்பர் சுத்தமாக இருந்ததால் சித்தி கண்டுகொள்ளவில்லை. எஞ்சினுக்குள் எண்ணெய் ஏறாவிட்டால் எரியவேண்டிய சிவப்பு விளக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது. ஒரு புதன்கிழமை, ஆஸ்பத்திரி போகிற வழியில், மேம்பாலத்தின்மேல் எஞ்சின் நின்றுபோனது. சித்தப்பாவுக்கு அன்று பாதி நேரம்தான் மெஷின் கிடைத்தது.

மெக்கானிக் எஞ்சினின் அடித்தட்டைக் கழற்றி, எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை எடுத்துக் காட்டினார். மென்று துப்பின சூயிங்கம் மாதிரி பசைத் துணுக்குகள் அதை அடைத்திருந்தன. கவருக்கு உள்பக்கம் பிதுங்கின பசை உதிர்ந்து வந்து சேர்ந்த இடம் அது. எண்ணெய் மேலே ஏறாததால் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் தளர்ந்துவிட்டது. செயின் சக்கரத்தில் பல் தாண்டி, வால்வுகள் எல்லாம் பிஸ்டனில் மோதி வளைந்துவிட்டன.

“இந்த எஞ்சின் இனிமே தேறாதுக்கா,” என்றார்.

சித்தி ஒரு துணுக்கை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். மூன்று முடிச்சு.

வீட்டில் நான் முந்திக்கொண்டேன். விளையாட்டுக்கு ட்யூபைப் பிதுக்கினது நான்தான் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். எனக்கிருக்கிற பேருக்கு யாரும் சாட்சி கேட்கமாட்டார்கள்.

“இவ இல்ல. நான்தான்,” என்றாள் சித்தி.

சித்தப்பா வீங்கின பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “தெரியும். நீ எதைத்தான் கொஞ்சமா செஞ்சிருக்க?”

வெள்ளிக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போனோம். போகும்போது ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். திரும்பும்போது யாரும் கொடுக்கவில்லை. சித்தி சித்தப்பாவின் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டு, கம்பியோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலாவது நிறுத்தத்தில் அவர் கால் மடங்கியது. அவள் பிடியை விடவில்லை. அவரோடு சேர்ந்து அவளும் தரைக்குப் போனாள்.