ஒரு பக்கம் மட்டும் பாடும் பெட்டி

என் வலது காது ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நின்றுபோனது. வலி இல்லை, இரைச்சல் இல்லை. எழுந்து உட்கார்ந்தபோது உலகத்தின் ஒரு பக்கத்தில் யாரோ கம்பளியைப் போர்த்திவிட்டதுபோல இருந்தது. முதல் நாள் தலைக்குக் குளித்ததில் தண்ணீர் போயிருக்கும் என்று நினைத்து, தலையைச் சாய்த்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்தேன். கம்பளைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். அது தவணைப் பரீட்சை நேரம். விடைத்தாள்களைத் திருத்தி முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஒன்பது நாட்களைக் கடத்தினேன்.

முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார் டாக்டர். மாத்திரை தந்தார். பிறகு ஊசி. காது திரும்பி வரவில்லை.

ஒற்றைக் காதோடு வாழ்வது அரைத் தூக்கத்தில் நடப்பது மாதிரி. சத்தம் கேட்கும், ஆனால் எந்தத் திசையில் இருந்து வருகிறது என்று தெரியாது. அம்பிட்டியாவில் எங்கள் வீட்டுக்குக் கீழே பஸ் ஹாரன் அடித்தால் அது கூரையில் இருந்து வருவதுபோல இருக்கும். காகம் எங்கேயோ கரையும். மரத்திலா, மதிலிலா என்று தேடுவதை விட்டுவிட்டேன். பெயர் சொல்லி யாராவது கூப்பிட்டால் மெதுவாக ஒரு முழு வட்டம் சுற்றித்தான் ஆளைக் கண்டுபிடிப்பேன். கண்டி வாவிக்கரையில் அப்படிச் சுற்றியபோது, நான் ஏதோ நேர்த்திக்கடன் செய்கிறேன் என்று நினைத்து ஒரு பெண் ஒதுங்கி வழிவிட்டார்.

அதைவிடக் கஷ்டம் பாட்டு. போனில் இயர்போன் செருகிப் பாட்டுப் போட்டால் தகரத்தில் ஊசியால் கீறுவதுபோல இருந்தது. கல்லூரிக் காலத்தில் இருந்து நான் கேட்டு வந்த ஒரு பாட்டில், சரணத்துக்கு முன்னால் ஒரு புல்லாங்குழல் வரும். அந்த இடம் வந்தது, குழல் வரவில்லை. வெறும் தாளம் மட்டும் நடந்துபோனது. காதோடு சேர்த்து அதுவும் போய்விட்டது என்று நினைத்தேன். அதன்பிறகு பல மாதங்கள் பாட்டே கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, கூட வேலை செய்யும் டீச்சர் வீட்டுக் கல்யாணத்துக்காக நாவலப்பிட்டிக்குப் போயிருந்தேன். திரும்பும்போது மழை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தையல் கடைக்குள் ஒதுங்கினேன். உள்ளே ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். அப்படித்தான் நினைத்தேன். திரைச்சீலைக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து, மூச்சை இழுத்து, நிதானமாகப் பாடுவதுபோல இருந்தது. எட்டிப் பார்த்தால் அங்கே இருந்தது ஒரு பெரிய பழைய ரேடியோ. அதில் ஒரு வயர், வயரின் நுனியில் தையல்காரரின் போன்.

"இது எப்படிங்க இவ்வளவு நல்லா கேக்குது?"

"வால்வுங்க," என்றார் அவர், ஊசியில் இருந்து கண்ணை எடுக்காமல். "உள்ள கண்ணாடிக் குழாய் இருக்கு, பல்பு மாதிரி. சூடானாத்தான் பாடும். அவசரக்காரங்களுக்கு ஒத்துவராது."

விற்பீர்களா என்று கேட்டேன். அவர் சிரித்தார். மழை விட்டபிறகும் இரண்டு பஸ்களை விட்டுவிட்டு அங்கேயே ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம், அந்த ரேடியோ கிடைக்காவிட்டாலும் போனைச் செருகிப் பாடவைக்க ஒரு வால்வு அம்ப்ளிஃபயராவது வேண்டும் என்றேன். அவர் கண்டியில் ஒரு புடவைக் கடையில் விற்பனையாளர். நாள் முழுக்கப் புடவையை விரித்துக் காட்டுகிறவர் என்பதால், ஒரு பொருளைப் பார்க்காமல் எதுவும் சொல்ல மாட்டார். அடுத்த ஞாயிறே டவுனுக்கு அழைத்துப் போனார்.

மின்சாமான் கடை ஒன்றில் சின்னதாக, அழகாக ஒரு பெட்டி இருந்தது. மேலே இரண்டு வால்வுகள், அடியில் இருந்து நீல வெளிச்சம். எங்கள் சம்பளத்துக்குக் கட்டுப்படியான விலைதான். பாட்டும் மோசமில்லை. ஆனால் தையல் கடையில் கேட்ட அந்த மூச்சு இதில் இல்லை. மெதுவாக வால்வைத் தொட்டுப் பார்த்தேன். பத்து நிமிஷம் பாடிய பிறகும் கண்ணாடி லேசாகக்கூடச் சுடவில்லை.

"சாமி படத்துக்கு சீரியல் பல்பு போட்ட மாதிரி இருக்கு," என்றார் கணவர்.

கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. "டீச்சர், நான் பொய் சொல்ல மாட்டன். இதுல வால்வு ஈக்கி, ஆனா முக்கியமான வேலயச் செய்றது உள்ளுக்கு ஈக்கிற சின்ன சிப்புதான். முழு வால்வு வேணும்டா கொழும்புலதான் பாக்கணும். வெலயக் கேட்டா நீங்க எனக்கிட்டேயே திரும்பி வருவீங்க."

விலையைப் போனில் பார்த்தோம். அவர் சொன்னது சரிதான். வாவியைச் சுற்றி நடந்து வந்தோம். ஹந்தானை மலை மேகத்துக்குள் போய்விட்டிருந்தது.

இரண்டு வாரம் கழித்து, கணவர் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒரு விளம்பரம். சொந்தமாகப் பொருத்திய வால்வு அம்ப்ளிஃபயர், பேராதனையில். கீழே ஒரு வரி: வலது பக்கம் வேலை செய்யாது.

"பாத்தியா? ஒனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு," என்றார். சொன்னபிறகுதான் சொன்னது உறைத்தது போல. நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. காது போன நாளில் இருந்து அதைப்பற்றி அவர் விளையாட்டாகப் பேசியதே இல்லை.

விளம்பரம் போட்டவர் பல்கலைக்கழகத்து ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்யும் பெண். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். மாற்றல் கிடைத்து ஊருக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். நாங்கள் போனபோது வீடு முழுக்க அட்டைப் பெட்டிகள். ஜன்னலோரம் ஒரு மேசையில், மரப்பெட்டி ஸ்பீக்கர் ஒன்றுக்குப் பக்கத்தில் அந்த அம்ப்ளிஃபயர் இருந்தது. நடுவில் சின்ன வால்வு ஒன்று, இடது பக்கம் பெரிய வால்வு ஒன்று. வலது பக்கம் வால்வு இருக்கவேண்டிய குழி காலியாக இருந்தது. பார்க்கப் பல் விழுந்த ஈறு மாதிரி.

"வாங்கோ, இருங்கோ. முதலே சொல்லிப்போடுறன்," என்றார். "பொருத்தினது நான்தான். ஸ்பீக்கர் வயரைக் கொழுவ மறந்து ஒருநாள் போட்டிட்டன். அந்தப் பக்கத்து ட்ரான்ஸ்ஃபோமர் எரிஞ்சு போச்சு. புதுசு வெளிநாட்டில இருந்துதான் எடுக்கவேணும். நாலு பேர் வந்து பாத்திட்டுப் போட்டினம். ஒரு பக்கம் மட்டும் பாடுற பெட்டி ஆருக்கு வேணும் எண்டு கேட்டிச்சினம்."

"எனக்கும் ஒரு பக்கந்தாங்க," என்றேன், காதைத் தொட்டுக் காட்டி.

அவர் ஒரு கணம் புரியாமல் பார்த்தார். பிறகு சிரிப்பு வெடித்து வந்தது. உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, மன்னிச்சுக்கொள்ளுங்கோ." நானும் சிரித்தேன். கணவரும் சிரித்தார். அந்த அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே மூன்று பேரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம்.

அவர் சுவிட்சைப் போட்டார். கண்ணாடிக்குள்ளே ஒரு சிவப்பு மெதுவாக ஊறியது. நான் என் போனில் அந்தப் பழைய பாட்டை எடுத்தேன். வயரைச் செருகப்போனவர் நிறுத்தினார்.

"பொறுங்கோ. இப்பிடியே போட்டா பாட்டில பாதிதான் வரும். பாட்டுகளில ஒரு வாத்தியத்தை இடப்பக்கம் வைப்பினம், இன்னொண்டை வலப்பக்கம் வைப்பினம். உங்கட போனைத் தாங்கோ." போனின் செட்டிங்ஸுக்குள்ளே எங்கேயோ போய் எதையோ மாற்றினார். "காது கேக்கிறதில பிரச்சினை இருக்கிறவைக்கெண்டே இதுக்குள்ள ஒரு வழி இருக்கு. ரெண்டு பக்கமும் ஒண்டாச் சேந்து வரும். உங்களுக்கு ஆரும் சொல்லேல்லையோ?"

யாரும் சொல்லியிருக்கவில்லை.

பாட்டு தொடங்கியது. மரப்பெட்டி ஸ்பீக்கருக்குள்ளே ஒரு அறை திறந்தது, அந்த அறையில் ஒருவர் எழுந்து நின்று பாடினார். பல்லவி முடிந்தது. தாளம் நடந்தது. பிறகு, நான் எதிர்பார்ப்பதை விட்டு எத்தனையோ மாதமான அந்த இடத்தில், புல்லாங்குழல் வந்தது. அது எங்கும் போயிருக்கவில்லை. வலது பக்கத்தில்தான் இத்தனை நாளும் இருந்திருக்கிறது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். தூறலில் மரங்கள் கரைந்து நின்றன. குழல் அந்த ஈரத்துக்குள்ளே இருந்து வருவதுபோலவும், எனக்குள்ளே இருந்து வருவதுபோலவும் இருந்தது. பாட்டு முடிந்தது. அந்தப் பெண் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போய்விட்டார்.

"சக்தி காணுமா?" என்று கணவர் கேட்டார், தேத்தண்ணிக் கோப்பையோடு. கடையில் பெட்டிகளின் மேல் நூறு வாட்ஸ், இருநூறு வாட்ஸ் என்று பெரிய எண்களைப் பார்த்திருந்தார்.

"நாலு வாட்ஸ்தான். ஆனா இந்த ஸ்பீக்கருக்கு அது தாராளம். ஒரு அறைக்குக் காணும். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரமாட்டினம்." அவர் குரல் இறங்கியது. "மூடியை மட்டும் ஒருநாளும் கழட்ட வேண்டாம். ஓஃப் பண்ணினாப் பிறகும் உள்ளுக்கு மின்சாரம் நிக்கும். ஆளைக் கொல்லும்."

ஸ்பீக்கரையும் சேர்த்து, நீல வெளிச்சப் பெட்டியைவிடக் குறைவாகத்தான் கேட்டார். நாங்கள் பேரம் பேசவில்லை. வால்வுகளைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி என் கைப்பைக்குள் வைத்துத் தந்தார். ஆட்டோவில் கணவர் அம்ப்ளிஃபயரை மடியில் வைத்துக்கொண்டு, "உள்ள கல்லா வச்சிருக்கு?" என்று முனகிக்கொண்டே வந்தார். பேராதனைப் பாலத்தில் வாகனங்கள் நெருக்கி நின்றபோது, கீழே மகாவலி சேற்று நிறத்தில் பெருகிப் போவதைப் பார்த்தேன். அதன் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. பார்க்கவே போதுமாக இருந்தது.

அம்ப்ளிஃபயரை அலுமாரிக்குப் பக்கத்தில், காற்றுப் படுகிற இடத்தில் வைத்தோம். ஞாயிறு மத்தியானங்களில் சமையலை முடித்துவிட்டுச் சுவிட்சைப் போடுவேன். முதலில் சூடான தூசி மணம் வரும். பிறகு ஸ்பீக்கரில் இருந்து மெல்லிய ஒரு முனகல். அதன்பிறகு குரல். முன்பெல்லாம் கறி தாளித்துக்கொண்டே கேட்பவள் நான். இப்போது வெறுமனே உட்கார்ந்திருக்கிறேன். சில சமயம் தூங்கிவிடுவேன். தூக்கத்துக்குள்ளேயும் பாட்டு நடக்கும். காது திரும்பாது என்பதை டாக்டர் மறுபடியும் சொல்லிவிட்டார். அன்று பஸ்ஸில் வரும்போது கொஞ்சம் அழுதேன். அதன்பிறகு அவரிடம் போகவில்லை.

யாழ்ப்பாணத்தில் இருந்து எப்போதாவது ஒரு செய்தி வரும். "பாடுதோ?" என்று மட்டும் கேட்டிருப்பார். "பாடுது" என்று அனுப்புவேன்.

போன மாதம் ஒருநாள் மத்தியானமே வானம் இருட்டிக்கொண்டு வந்து, பாட்டின் நடுவில் கரண்ட் போனது. வீட்டில் எல்லாம் ஒரே அடியாக நின்றது. ஆனால் பாட்டு உடனே நிற்கவில்லை. பாடியவரின் குரல் ஒரு மூச்சு நேரம், இரண்டு மூச்சு நேரம் தொடர்ந்தது; தூரத்துத் தண்டவாள வளைவில் திரும்பும் கோச்சியின் சத்தம்போல மெல்ல மெல்லத் தேய்ந்தது. மெழுகுதிரி தேடிக்கொண்டிருந்த கணவர் கையில் தீப்பெட்டியோடு அப்படியே நின்றார்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

வால்வுகளில் இன்னும் கொஞ்சம் சிவப்பு இருந்தது. அவர் தீக்குச்சியைக் கிழிக்கவில்லை. வந்து என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். அந்தச் சிவப்பு அடங்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.