அண்ணி முடிந்து வைத்த விதைகள்

அண்ணியை நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை. கைலி வியாபாரத்துக்காக ரங்கூன் போன என் அண்ணன், அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். ஊருக்கு ஒரு நடை அழைத்து வாருங்கள் என்று கப்பலேறுகிறவர்களிடம் சொல்லி அனுப்பிக்கொண்டே இருப்போம். கொடி பூக்கிற சமயம், விட்டுவிட்டு எப்படி வருவது என்று அண்ணியிடமிருந்து பதில் வரும்.

அவருக்குக் கொடிகள் மேல் அப்படி ஒரு பித்து. தேக்கு வாங்க மலைக்காடுகளுக்குப் போகிறவர்களிடம் சொல்லிவைத்து, யாரும் கண்டிராத விதைகளாக வாங்கி முளைக்கப் போடுவாராம். அப்படி வந்ததில் ஒன்று அந்த வெள்ளைக்கொடி. மாடி வரைக்கும் ஏறி, சங்கு வாய் போல அகன்ற பூக்களைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிடுமாம். தெருவில் போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்ப்பார்களாம்.

சண்டை வந்து ரங்கூனில் குண்டு விழுந்தபோது, இருவரும் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே கிளம்பினார்கள். காட்டுப் பாதையில் காலரா கண்டு அண்ணி இறந்துவிட்டார். ஜலகண்டாபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் அண்ணன் வந்து நின்றபோது, உள்ளே தறியில் இருந்த என் கணவர் யாரோ வழிப்போக்கன் என்று நினைத்து, சோறு இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். அண்ணன் அவ்வளவு உருக்குலைந்திருந்தார். கையில் ஒரு சேலைத் துண்டு மட்டும் இருந்தது. அண்ணி அதன் முந்தியில் அந்தக் கொடியின் விதைகளை முடிந்து வைத்திருந்தார். முடிச்சை அவிழ்த்தபோது, விதைகளோடு இருந்த பட்டு போன்ற பஞ்சு மழையில் நனைந்து சாயம் போன நூலாக ஒட்டிக் கிடந்தது.

கிணற்றடியில் மண்ணைச் சலித்துப் பாத்தி கட்டி, அண்ணனே விதைத்தார். வெகுநாள் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு முளை மட்டும் தலை நீட்டியது. அண்ணன் அதற்கு மூங்கில் நட்டார், வெயில் படாமல் ஓலை கட்டினார். கொடி நன்றாகவே ஏறியது. இலை விரிந்ததும் என் கணவர் ஒன்றைக் கிள்ளிப் பார்த்தார். பால் வடிந்தது. முகர்ந்துவிட்டு என்னிடம் நீட்டினார். வேலிதோறும் தானாகப் படர்கிற வேலிப்பருத்திதான். காற்றில் வந்து விழுந்த விதையாக இருக்கும். ரங்கூன் விதைகள் மண்ணுக்குள்ளேயே மட்கிப்போயிருந்தன. அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்று கணவர் கையமர்த்தினார்.

அதில் பச்சை கலந்த சின்னப் பூக்கள் வந்த அன்றும் அண்ணன் குடத்தை எடுத்துக்கொண்டு போனார். எனக்குப் பொறுக்கவில்லை. பின்னாலேயே போய் நின்றேன். அவரே பேசினார்.

"இது வேலிப்பருத்தின்னு உனக்குந் தெரியும், மாப்பிள்ளைக்குந் தெரியும். எனக்குத் தெரியாதா அம்மிணி?"

"அப்புறம் எதுக்குங்கண்ணா தண்ணி ஊத்துறீங்க?"

"எந்திரிச்சதும் வேற என்ன பண்றதுன்னு தெரியலை. அங்கயும் அவளுக்குத் தண்ணி எறைச்சுக் குடுக்கறது நாந்தான்."

துணி மூட்டையோடு ஏற்காட்டுத் தோட்டங்களுக்குப் போய் விற்கிற பக்கத்து வீட்டுக்காரர், அங்கே ஒரு பங்களா முகப்பில் வெள்ளைப் பூக்கொடி ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னார். அண்ணனும் நானும் பஸ் ஏறிப் போனோம். நாங்கள் போனபோது பூ முடிந்துவிட்டிருந்தது. ஆனாலும் பட்டையைத் தொட்டதுமே அண்ணன் கண்டுகொண்டார். அதே கொடி. அடிமரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தபடி நெடுநேரம் நின்றார். விதை கிடைக்குமா என்று காவல்காரரிடம் கேட்டேன். இங்கே பூக்குமே ஒழியக் காய்த்து அவர் பார்த்ததில்லையாம். எங்களைப் பார்த்து என்ன தோன்றியதோ, தோட்டக்காரரிடம் கேட்டு, நட்டால் துளிர்க்கும் என்று ஒரு போத்து வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றிக் கொடுத்தார்.

அது எங்கள் கிணற்றடியில் இரண்டு இலை விட்டது. அண்ணன் அந்த நாட்களில் என் பிள்ளைகளிடம் சிரித்துக்கூடப் பேசினார். பங்குனி பிறந்து அனல்காற்று வீசத் தொடங்கியதும் இலை சுருண்டது. ஈரத்துணி சுற்றிப் பார்த்தோம், பந்தல் போட்டோம். சித்திரையில் குச்சியாக நின்றது.

இன்னொரு போத்து வாங்கி வரலாம் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார்.

"அவ இங்க வந்திருந்தாலும் இந்த வெயில்ல கஷ்டப்பட்டிருப்பா, கண்ணு."

பிறகு தறியில் உட்கார்ந்தார். எங்களோடு இருந்து கைலி நெய்தார். பூக்கிற காலத்தில் ஒரு தடவை மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று பலமுறை கூப்பிட்டேன். நீ போய்ப் பாரு என்பார். அவர் வராமல் எனக்கு மட்டும் எதற்கு என்று நானும் போகவில்லை. அந்த பங்களா கைமாறி, முகப்பை இடித்துக் கட்டினார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் வந்து சொன்னார். அண்ணன் தறியை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார். அந்தப் பூவை நான் கடைசிவரை பார்க்கவில்லை.