யார் ஓடச் சொன்னது?

தர்மினிக்குப் பதினாறு வயது. வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த லொட்ஜின் மூன்றாம் மாடியில், ஒற்றை அறையில், தாய் ஜெகதீஸ்வரியோடு பதினாலு மாதம் அடைந்து கிடந்தாள். தகப்பன் ஜெர்மனியில். அவர் கூப்பிடும்வரை இங்கே காத்திருப்போம் என்று யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்தவர்கள். அது தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு. சந்திக்குச் சந்தி செக்பொயின்ற். பெட்டையைப் பாண் வாங்கக்கூட வெளியே விட ஜெகதீஸ்வரிக்குப் பயம். கடல் ஐந்து நிமிட நடை. அதையும் அந்தப் பிள்ளை மொட்டை மாடியில் நின்றுதான் பார்த்தாள்.

உடுப்புக் காயப் போடப் போனதில்தான் எல்லாம் தொடங்கியது. ஒருநாள் மேலிருந்து ஓடி இறங்கினாள், திரும்ப ஓடி ஏறினாள். பிறகு ஒவ்வொரு பின்னேரமும் ஐந்து மணிக்கு, எழுபத்திரண்டு படி, இருபது தரம். இரண்டாம் மாடியில் என் கதவை ஒட்டித்தான் படிக்கட்டு. தடதடவென்று என் மண்டைக்குள்ளேயே ஓடுவதுபோல இருக்கும். எனக்குப் பிரஷர், சீனி வருத்தம் எல்லாம் உண்டு. நடக்கச் சொல்லி டொக்டர் மூன்று வருடமாய்க் கத்துகிறார், நான் அசைந்ததில்லை. அந்தப் பொறாமையும் சேர்ந்துதான் ஒருநாள் அவளை வழிமறித்தேன்.

"உனக்கென்ன விசரே? போட்டிக்கே பழகிறாய்?"

"போட்டியோ! பள்ளிக்கூடத்தில ஸ்போர்ட்ஸ் மீற் எண்டா வயித்துக்குத்து எண்டு படுத்திடுவன், பத்மா அன்ரி." மூச்சு வாங்கச் சிரித்தாள். "அது ரீச்சர் சொல்லி ஓடுறது. இது ஒருத்தரும் சொல்லேல்லை. நாள் முழுக்க அம்மா இரு எண்டா இருக்கிறன், ஜன்னலைச் சாத்து எண்டா சாத்திறன். இந்த அரை மணித்தியாலம் மட்டும்தான் என்ரை."

அதற்குப் பிறகு நான் அவளை வழிமறித்ததில்லை.

வைகாசியில் ஒரு மழை நாள் வழுக்கி விழுந்தாள். இரண்டு முழங்காலும் ஒரு முழங்கையும் உரசிப் போயின. ஜெகதீஸ்வரி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள், காயத்துக்காக அல்ல. செக்கிங்கில் முழங்கையையும் முழங்காலையும்தான் பார்ப்பார்கள். தழும்பு இருந்தால் இயக்கத்தில் பயிற்சி எடுத்தவள் என்று கொண்டுபோய்விடுவார்கள். எங்கள் சனத்துக்கு எதற்கும் ஒரு கடிதம் கையில் இருந்தால்தான் நித்திரை வரும். அவளும் உடனே ஒரு டொக்டரைப் பிடித்துக் கடிதம் வாங்கினாள்: 'தினமும் மாடிப்படிகளில் ஓடும் வழக்கத்தின்போது விழுந்ததால் ஏற்பட்ட காயம்.' நானும் வாசித்துப் பார்த்து நல்லது என்றேன், மடைச்சி.

ஞாயிற்றுக்கிழமை காலை பொலிஸ் வந்தது. பெண் பொலிஸ் காயத்தைக் கண்டதுமே ஜெகதீஸ்வரி கடிதத்தை நீட்டினாள். இன்ஸ்பெக்டர் அதை இரண்டு தரம் வாசித்தார். முப்பது வருடம் அரசாங்கக் கந்தோரில் கிளாக்காய் வேலை செய்த எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு என்பதால் மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள்.

"கவுத துவன்ன கிவ்வே?" என்று கேட்டார். யார் ஓடச் சொன்னது?

"ஒருத்தரும் சொல்லேல்லை. நானாத்தான்," என்றாள் தர்மினி.

அப்படியே சொன்னேன். அவர் நம்பவில்லை. திரும்பக் கேட்டார், திரும்பவும் அதே பதில். யாரும் சொல்லாமல் ஒரு தமிழ்ப் பெட்டை எதற்குத் தினமும் படி ஏறி ஓட வேண்டும்? ஜீப்பில் ஏற்றச் சொன்னார். ஜெகதீஸ்வரி அவர் காலில் விழுந்தாள்.

"மம தமய் கிவ்வே, மஹத்தயா," என்றேன். நான்தான் சொன்னது. நான் நோயாளி, படி ஏறமாட்டேன், என் உடுப்புக்கும் மருந்துக்கும் இவளைத்தான் ஏற்றி இறக்குகிறேன், மெதுவாய்ப் போனால் ஏசுவேன், அந்தப் பயத்தில்தான் பிள்ளை மறைக்கிறாள் என்று அளந்தேன். அவள் பக்கம் திரும்பி, "நான் சொல்லித்தான் ஓடினனான் எண்டு சொல்லு," என்று அதட்டினேன்.

தர்மினி என்னையே பார்த்தாள். தாயைப் பார்த்தாள்.

"ஓம். அன்ரி சொல்லித்தான் ஓடினனான்."

இன்ஸ்பெக்டருக்கு அது உடனே விளங்கிவிட்டது. சின்னப்பிள்ளையை இப்படி வேலை வாங்காதே என்று என்னை ஏசிவிட்டுப் போனார். ஜெகதீஸ்வரி என் கையைப் பிடித்து அழுதாள். எனக்கும் பெரிய காரியம் செய்துவிட்ட பெருமைதான்.

அன்று பின்னேரம் படிக்கட்டில் சத்தமில்லை. காயம் ஆறி ஒரு கிழமை போன பிறகும் இல்லை. பொறுக்கமாட்டாமல் இளைக்க இளைக்க நானே மூன்றாம் மாடிக்கு ஏறிப் போனேன். கட்டிலில் சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

"காயம் மாறிட்டுது. பொலிஸுக்கும் சொல்லியாச்சு. இனிப் பயமில்லைப் பிள்ளை, போய் ஓடு."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

"இப்ப நீங்களும் சொல்லீட்டியள், அன்ரி," என்றாள்.