சமையலறை மேசையில் ஒரு ஸ்பிரிங்

அண்ணையின் கலியாணத்தைக் குழப்பியது நான்தான். நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கிற செயின்ட்-மிஷேலில் இதை இன்னமும் கண்ணூறு என்றும் தலைவிதி என்றும் கதைக்கிறார்கள். கதைக்கட்டும். தலைவிதிக்கு இவ்வளவு திட்டம் போடத் தெரியாது.

கணவன் என்னை விட்டுப் போன வருடம், புவாண்ட்-கிளேர் பக்கம் என்னோடு வேலை செய்த ஒருத்தி துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றுக்கு என்னைக் கூட்டிப் போனாள். கடதாசி வட்டத்தை ஓட்டை ஓட்டையாக்குவது அப்போதைய என் மனநிலைக்கு மிகவும் ஒத்துவந்தது. வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, லைசன்ஸ் எடுத்து, ஒரு பழைய பிஸ்டலும் வாங்கினேன். அப்போது வாங்க விட்டார்கள். அது வீட்டில் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும். குண்டு கிளப்போடு சரி. தேய்ந்த ஸ்பிரிங், கைப்பிடியின் திருகாணி போன்ற சில்லறைச் சாமான்களை நானே சமையலறை மேசையில் வைத்து மாற்றுவேன்.

முதல் தடவை மாற்றிய அன்று எனக்கு லீவு. மகள் கார்டரிக்கு, அதுதான் பிள்ளைகள் காப்பகத்துக்கு, போயிருந்தாள். புது ஸ்பிரிங் என் கையில் நிற்காமல் துள்ளித் துள்ளி, கடைசியில் ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. தும்புத்தடியால் துழாவி எடுத்து மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். மகளையும் வீட்டையும் பார்த்துக்கொண்டு எங்களோடு இருந்த அண்ணை, அடுப்படியில் நின்று யாரோடோ ஃபோனில் மீன் விலை கதைத்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி வந்தபோது பிஸ்டல் முழுதாகப் பொருத்திப் பூட்டி மேசையில் கிடந்தது. ஃபோன் இன்னும் அவருடைய காதுக்கும் தோளுக்கும் நடுவில் இருந்தது. மீன் கதையும் முடியவில்லை.

"கழட்டினபடி கிடந்தா எனக்குப் பாத்துக்கொண்டு நிக்க ஏலாது," என்று மட்டும் சொன்னார்.

அவருடைய வாழ்க்கையில் மூன்று வருடங்களைப் பற்றி நாங்கள் யாரிடமும் வாய் திறப்பதில்லை. யார் கேட்டாலும், மன்னாரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் என்போம். அந்த மூன்று வருடமும் அவர் இயக்கத்தில், ஆயுதம் திருத்துகிற கொட்டிலில் இருந்தார் என்பது எனக்கும் செத்துப்போன அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

நாற்பத்திரண்டாவது வயதில் அவருக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. எங்கள் கோயிலுக்கு வருகிற பெண்தான்; டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து இருவரும் வாசல் படியில் நின்று கதைப்பார்கள், பனி கொட்டினாலும் நிற்பார்கள். அண்ணை சேர்ட்டுகளை அயர்ன் பண்ணத் தொடங்கினார். மனிதர் சந்தோஷமாக இருந்தார். அதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்து மணிக்குப் பிள்ளையைக் கார்டரியில் இருந்து யார் கூட்டி வருவது, யார் சமைப்பது, அவளுக்குக் காய்ச்சல் வந்தால் யார் வீட்டில் நிற்பது? இதைத்தவிர வேறொன்றும் என் தலைக்குள் ஓடவில்லை.

பெண்ணின் தமையன் ஃபோன் எடுத்து மூன்று விஷயம் விசாரித்தார். குடிப்பாரோ, முதல் கலியாணம் ஏதும் உண்டோ, இயக்கத்தில் இருந்தவரோ. மூன்றாவதைக் கேட்கும்போது அவருடைய குரல் இறுகியது. வன்னியில் அவர்களுடைய கடைசித் தம்பியைப் பதினேழு வயதில் வீட்டு முற்றத்தில் வைத்து இயக்கக்காரர் இழுத்துக்கொண்டு போனார்களாம். பிள்ளை திரும்பி வரவே இல்லை.

"சீச்சீ, அண்ணை ஒரு அப்பாவி," என்றேன்.

அண்ணை பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஃபோனை வைத்ததும், "பேந்து நானே அவவிட்டை உண்மையைச் சொல்லுறன். அவவுக்கு விளங்கும்," என்றார். விளங்கிவிடுமோ என்றுதான் எனக்கும் பயம்.

நாள் குறிக்கத் தமையனும் மனைவியும் ஒரு ஞாயிறு பின்னேரம் வருவதாக இருந்தது. நான் மகளை மேல்வீட்டுக்கு அனுப்பினேன். ரோல்ஸ் பொரித்தேன். பிறகு பெட்டியைத் திறந்து, பிஸ்டலைக் கழற்றி, மேசையின் ஒரு பக்கத்தில் துணி விரித்துப் பரப்பிவைத்தேன். அண்ணை குளித்துவிட்டு வந்து அதைக் கண்டு திகைத்து நிற்கையிலேயே மணி அடித்துவிட்டது.

"குறை நினைக்காதேங்கோ, இது என்ர பொழுதுபோக்கு," என்று வந்தவர்களை இருத்தினேன். தமையன் சிரித்தார். "பொம்பிளையளும் துவக்குத் தூக்க வெளிக்கிட்டாச்சோ?" என்று பகிடி விட்டார். நானும் சிரித்துக்கொண்டு ஸ்பிரிங்கை எடுத்துப் பொருத்துவதுபோல் நடித்தேன். இரண்டு தரம் வேண்டுமென்றே துள்ளவிட்டேன். பிறகு அதை அண்ணைக்கு நீட்டினேன்.

"அண்ணை, இதை ஒருக்காப் பூட்டித் தாங்கோவன்."

அவர் என்னைப் பார்த்தார். 'எனக்குத் தெரியாது' என்று அவர் சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். பொய் சொல்வது எங்கள் வீட்டில் என் வேலை, அவருடையது அல்ல. ஸ்பிரிங்கை வாங்கினார். என் முகத்தில் இருந்து கண்ணை எடுக்காமலே, ஒரு தடவையும் மேசையைப் பார்க்காமலே, எல்லாவற்றையும் பூட்டி முடித்தார்.

தமையன் கடித்த ரோல்ஸைத் தட்டில் வைத்தார். "எத்தினை வருசம்?"

"மூண்டு."

"பிடிச்சுக்கொண்டு வந்த பெடியளுக்கு இதைப் பழக்கினதும் நீங்களோ?"

"ஓம். பழக்கினனான்."

தமையன் எழும்ப, அவருடைய மனைவி கைப்பையைத் தேடி எடுத்தாள்.

அப்போது என்னிடம் சொல்வதற்கு ஒன்று இருந்தது. வீட்டுக்கு ஓராள் என்று இயக்கக்காரர் கேட்டு வந்த அன்று, அவர்களுடைய துண்டில் எழுதியிருந்தது என் பெயர். எனக்குப் பத்தொன்பது வயது. நான் நெல்லு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்க, எனக்குப் பதிலாக அண்ணை போய் வாகனத்தில் ஏறினார். இதைச் சொல்லியிருந்தால் எழும்பிய மனிதர் மறுபடியும் கதிரையில் இருந்திருக்கக்கூடும். அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லியும் இருப்பார்.

"தேத்தண்ணி ஆறுது, குடிச்சிட்டுப் போங்கோ," என்றேன்.

அவர்கள் குடிக்கவில்லை. கதவு சாத்திய பிறகு அண்ணை பிஸ்டலைத் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டி, திறப்பை என் கையில் தந்தார்.

"பிள்ளையைப் பாக்க ஆள் இல்லை, நில்லுங்கோ எண்டு கேட்டிருந்தா நிண்டிருப்பன்," என்றார். "கேக்காட்டியும் நிண்டிருப்பன். அண்டைக்கு நீ கேட்டோ நான் வாகனத்தில ஏறினனான்?"

அடுத்த நாள் ஐந்து மணிக்கு வழமைபோல மகளைக் கூட்டி வந்தார். மீன் குழம்பு வைத்தார். நான் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன்.