பிடியரிசிக் கூடை

சீனத்துச் சண்டைக்குத் தப்பிக் கப்பலேறி வந்த ஒரு குடும்பத்தைப் பங்குச் சாமியார் மலாக்காவுக்கு அழைத்து வந்தார். அவர்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் நம் தமிழ்ச் சபையார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தெங்கேராவில் துணி துவைத்துப் பிழைக்கும் கைம்பெண் அன்னம்மாதான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"எங்க வீட்டுப் பின்னறை சும்மாத்தான் கெடக்கு சாமி. நான் பொறுப்பு."

அவளும் அப்படி வந்திறங்கியவள்தான். கப்பலிலேயே தாயைப் பறிகொடுத்துவிட்டு, பாயா ரும்புட் பக்கத்துத் தோட்டத்தில் யார் யாரோ ஊற்றிய கஞ்சியில் வளர்ந்தவள். அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டாள்.

வந்தவர்கள் ஒரு கிழவர், அவர் மருமகள் ஆலான், அவளுடைய இரண்டு பிள்ளைகள். கிழவர் இளவயதில் மூவாரில் வேலை பார்த்ததால் அரைகுறை மலாய் பேசுவார். சாப்பாட்டுக்குச் சபையின் பிடியரிசி என்று முடிவாயிற்று. உலை வைக்கும்போதெல்லாம் ஆண்டவர் பங்கென்று ஒரு பிடி அள்ளித் தனிச் சட்டியில் போடுவது நம்மவர் வழக்கம். சனிக்கிழமைதோறும் அன்னம்மா கூடையோடு வீடு வீடாகப் போய் அதை வாங்கி வருவாள். முன்பெல்லாம் அது வாத்து வளர்ப்பவரிடம் விலைக்குப் போய், கோயிலுக்கு மெழுகுவத்தியாகத் திரும்பும். இப்போது பின்னறைக்குப் போனது.

கொஞ்ச நாளில், பிடியரிசி கொடுக்கிற சபை வீட்டுக்காரி மதலேனாள் அன்னம்மாவைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க்கா, ஒங்க பின்னறை மகாராணியப் பாத்தீங்களா? நம்ம அரிசிய முறத்துல கொட்டி ஒவ்வொண்ணா ஒதுக்குறா. சாமி பங்குலயே சொத்தை பாக்குறாளே!"

"கல்லு பொறுக்குவாளா இருக்கும்லா."

"அப்ப நாங்க கல்லையா குடுத்தோம்?"

பேச்சு பரவிவிட்டது. ஞாயிறு பூசை முடிந்ததும் உபதேசியார் தங்கராஜு அன்னம்மாவைக் கூப்பிட்டார். "சனங்க மனசு கசந்து போச்சும்மா. இனி கூடை எடுத்துக்கிட்டுப் போகாதீங்க. சாமியார்கிட்ட சொல்லி அவங்கள வேற ஊருக்கு அனுப்பிடலாம்."

அன்னம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. செபமாலையை எடுத்தால் பாதியில் மந்திரம் விட்டுப்போனது. துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். கையிலே பிள்ளையோடு இவர்களை எந்த ஊருக்கு அனுப்புவது? பொறுப்பு என்று சொன்ன வாய் யாருடையது? கடைசியில் அவளே பின்னறைப் படியேறினாள்.

முறத்தில் குவியல் குவியலாக அரிசி இருந்தது. புழுங்கல் ஒரு பக்கம், பச்சரிசி ஒரு பக்கம், குருணை தனியாக, வண்டு விழுந்தது இன்னொரு பக்கம். ஒதுக்கி மாளாமல் கலந்தே பொங்கிய பானையைக் கிழவர் வெட்கத்தோடு திறந்து காட்டினார். "தா சாமா," என்றார் மலாயில். ஒன்றுபோல இல்லையாம். பானையில் பாதி கூழாகியிருந்தது, பாதி வேகவே இல்லை. பாயில் சின்னது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தது.

அன்னம்மா ஒரு வாய் எடுத்துப் போட்டாள். பல்லில் நறுக்கென்றது. இத்தனை வருஷமாக அள்ளிக் கொடுத்தோமே, ஒரு நாளாவது யாராவது இதைப் பொங்கித் தின்று பார்த்தோமா?

சண்டைக்குப் போகிற சுபாவம் அவளுக்கு இல்லை. பின்னறைக்கு ஒரு செபம் சொல்ல வேண்டுமென்று உபதேசியாரையும் மதலேனாளையும் அழைத்தாள். செபம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு கிண்ணம் கஞ்சி வைத்தாள். உபதேசியார் மெல்ல ஆரம்பித்தவர், மெல்லுவதை நிறுத்திவிட்டார். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"யாரு வீட்டு அரிசி இது?" என்றாள் மதலேனாள்.

"எல்லாரு வீட்டுதும்தான், தங்கச்சி."

ஆலான் யாரைப் பார்ப்பதென்று தெரியாமல் பிள்ளையை இடுப்பில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு உபதேசியார் தொண்டையைச் செருமினார். "வாரத்துக்கு ஒரு வீடு முறை போட்டுக்கலாம். அந்த வாரத்துக்கு வேண்டியத அந்த வீடே தன் சோத்துப் பானை அரிசியிலேருந்து குடுக்கட்டும்."

"மொத வாரம் யாரு?" என்று கேட்டுவிட்டு, மதலேனாள் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

சனிக்கிழமை அன்னம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு முதலில் போனது மதலேனாள் வீட்டுக்குத்தான். கதவு சாத்தியிருந்தது. தட்டலாமா, திரும்பிவிடலாமா என்று கால் தயங்கியது. அதற்குள் கதவு திறந்தது. மதலேனாள் முகத்தைப் பார்க்காமலே கூடை நிறைய அரிசியைக் கொட்டினாள்.

"புதுப் பச்சரிசி. சின்னதுக்குக் கொழைய வைக்கச் சொல்லுங்க."

"ஆண்டவர் ஒன்னைய நல்லா வைக்கட்டும்."

"அடுத்த வாரம் யாருக்கா?"

அதுதான் அன்னம்மாவுக்கும் தெரியவில்லை. கனத்த கூடையை இடுப்புக்கு ஏற்றிக்கொண்டு, அடுத்த வீட்டுச் சாத்திய கதவைப் பார்த்தபடியே நடந்தாள்.