அராவப்பட்ட பதக்கம்

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்கார்பரோ பழஞ்சாமான் சந்தையில் ஒரு பிஸ்கற் ரின் வாங்கினேன். பிஸ்கற்றுக்காக அல்ல. உள்ளே ஒரு ஜெர்மன் பதக்கம் கிடந்தது... கூடவே நாலாக மடித்த ஒரு கடுதாசி.

பழைய வாசகர்களுக்கு என் பைத்தியம் தெரியும். ஐம்பது வருடத்துக்கு முன் முடிந்த இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜெர்மன் ராணுவப் பதக்கங்களைச் சேர்க்கிறேன்.

"உந்த ஹிட்லற்ற சாமானை சாமியறைப் பக்கம் கொண்டு போகாதேங்கோ, சொல்லிப்போட்டன்!"

இது என் மனைவியின் சட்டம். ஆகவே சப்பாத்து அலுமாரிதான் என் மியூசியம்.

அந்த ஆட்சிமீது எனக்குப் பக்தியா? சிவ சிவா! பகலில் நான் தொழிற்சாலையில் உலோகம் அழுத்தும் மெஷின் ஓட்டுகிறேன். அச்சில் அழுத்தியது எது, உருக்கி வார்த்தது எது என்று விரல் சொல்லிவிடும். போலிகள் பெரும்பாலும் வார்த்தவை. லென்ஸை வைத்தால் அம்மைத் தழும்புபோலக் குட்டிக் குட்டிக் குழிகள் தெரியும். கள்ளத்தைப் பிடிப்பதில் ஒரு சந்தோஷம், அவ்வளவுதான்.

ரின்னுக்குள் கிடந்தது காயப் பதக்கம், போரில் காயப்பட்டவர்களுக்குக் கொடுப்பது. வெள்ளி நிறம் என்றால் மூன்று தடவை காயப்பட்டவர். நடுவில் இரும்புத் தொப்பி. தொப்பியில் இருக்கவேண்டிய நாசிகளின் ஸ்வஸ்திகாச் சின்னம் மட்டும் இல்லை.

போருக்குப் பிறகு அந்தச் சின்னத்தை நீக்கிப் புதிதாகச் செய்தார்கள். அந்த வகையாக்கும் என்று நினைத்தேன். லென்ஸை வைத்தால்... தொப்பியில் நெருக்கமான கீறல்கள். வெள்ளிப் பூச்சு போய்ப் பித்தளை மஞ்சள் எட்டிப் பார்த்தது. அரம்! பின்பக்கத்துப் பட்டறை எண்ணை என் பட்டியலோடு ஒப்பிட்டேன். போர்க்காலத்துப் பட்டறை. ஒறிஜினல்தான். யாரோ உட்கார்ந்து சின்னத்தை அராவியிருக்கிறார்கள்.

யார்? கடுதாசி, பதக்கத்தோடு கொடுத்த பத்திரம். அதில் பெயர் இருந்தது. ரெலிபோன் புத்தகத்தில் அந்தக் குடும்பப் பெயர் ஐந்து பேருக்கு. மூன்றாவது அழைப்பில் ஒரு பெண், "அது என் அப்பாவின் பெயர்" என்றார்.

"என்னப்பா, அந்தாள் மறைச்சு வைச்சிருந்த சாமானா இருந்தா?" என்றாள் மனைவி.

"மறைக்க உதில என்ன கிடக்கு?" என்றேன். எவ்வளவு கெட்டித்தனம்!

வியாழக்கிழமை வெக்ஸ்போர்ட்டில் அவர்களுடைய அப்பார்ட்மெண்டுக்குப் போனேன். வால்ற்றர், எழுபது தாண்டியவர், ஒரு காலை இழுத்து நடந்தார். மகள் இங்கிரிட் நாற்பது வயதுக்காரி. அப்பாவின் பழைய வீட்டைக் காலி செய்தபோது ரின்னைத் திறந்துகூடப் பார்க்காமல் விற்றவர் அவர்தான்.

பதக்கத்தையும் பத்திரத்தையும் மேசையில் வைத்தேன். இங்கிரிட் பத்திரத்தை எடுத்து வாசித்தார்: மூன்றாவது காயம், கால்.

"கூரையால் விழுந்து கால் முறிந்தது என்றுதானே சொன்னீர்கள்?" இங்கிரிட் கேட்டார்.

"விழுந்தது உண்மை. கால் அதற்கு முதலே போய்விட்டது."

யாரும் சிரிக்கவில்லை. நான் ஏன் வந்தேன் என்று இருந்தது. எழும்பப் பார்த்தேன். கிழவர் கையைக் காட்டி இருத்தினார்.

"கனடாவுக்குக் கப்பல் ஏற முதல்நாள் அராவினேன். காயத்தை எறிய மனமில்லை. சின்னத்தை வைத்திருக்க வெட்கம்."

"பதக்கம் வாங்கியபோதே வெட்கமா?" இங்கிரிட் கேட்டார்.

வால்ற்றர் யன்னலைப் பார்த்தார். "இல்லை. பத்தொன்பது வயது. எல்லாரோடும் ஹிட்லருக்குக் கை தூக்கினேன். ஆசையாகத்தான் தூக்கினேன். அதை அரத்தால் எடுக்க முடியவில்லை."

இங்கிரிட் எழும்பிப் போய்விடுவார் என்று பயந்தேன். அவர் கதிரையை அப்பாவின் பக்கம் இழுத்துப் போட்டார்.

"பிறகு?" என்றார்.

ஒரு மணித்தியாலம் பேசினார்கள். இடையில் இங்கிரிட் அழுதார், ஒரு தடவை கோபத்தில் கத்தினார். வெளிக்கிடும்போது பதக்கத்தை நீட்டினேன். வால்ற்றர் திரும்ப என் கைக்குள் வைத்தார்.

"இங்கே இருந்தால் மறுபடி ஒளித்துவிடுவேன். உன்னிடம் இருக்கட்டும். தொப்பி ஏன் மொட்டை என்று யாராவது கேட்டால் முழுவதையும் சொல்லு. காயத்தை மட்டும் சொல்லாதே."

வீட்டுக்கு, மல்வேர்ன் போகும் பஸ்ஸில் நம்மவர்கள் நிறையப் பேர். இலங்கைப் போருக்குத் தப்பி வந்த நாங்கள் கதை சொல்லும்போது எங்கோ ஓர் இடத்தை வழுவழுப்பாக்கித்தானே சொல்கிறோம்? நானும்தான். காயம் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. எங்கள் போரில் நானும் கை தூக்கியது...?

தொப்பி ஏன் மொட்டை என்று நீங்கள் கேட்கவில்லைதான். இருந்தாலும் சொல்லிவிட்டேன்.