குணசீலன் சொல்லாமல் விட்டது

குணசீலன் பதினைந்து வருடம் சங்ககிரியில் லாரிகளுக்கு வயரிங் வேலை செய்தவர். நாற்பது வயதைத் தாண்டியதும் முதுகு ஒத்துழைக்கவில்லை. திருச்செங்கோட்டில் சோலார் விற்கும் ஒரு கடையில் சேர்ந்தார். மல்லசமுத்திரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகப் போய்ப் பேசுவதும், சம்மதித்தவர்களின் மொட்டை மாடியில் தகடு மாட்டிக் கொடுப்பதும் அவர் வேலை.

யாரும் எளிதில் சம்மதிக்கவில்லை. நூறு யூனிட் சும்மாவே வரும்போது இந்த வம்பு எதற்கு என்றார்கள். பையன் கல்யாணத்துக்கு மேலே ஓர் அறை எழுப்ப வேண்டும், அப்போது இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றார்கள். வேறு யாராவது முதலில் போடட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று டீ கொடுத்து அனுப்பினார்கள். கரண்டு போனால் இது ஓடுமா என்று மட்டும் எல்லோரும் தவறாமல் கேட்டார்கள்.

ஓடாது. அவர் விற்றது மின்கம்பி இணைப்போடு சேர்ந்து ஓடும் வகை. லைனில் மின்சாரம் நின்றால் இதுவும் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்பவர் மீது பாயும். பேட்டரி வைத்த வகை உண்டு, ஆனால் விலை அதிகம். ஆரம்பத்தில் குணசீலன் இதை நேராகவே சொன்னார். நான்கு மாதத்தில் ஒரு வீடுகூட அமையவில்லை. பிறகு அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் வெயிலைப் பற்றிப் பேசப் பழகிக்கொண்டார்.

சௌந்திரம் வீட்டிலும் அப்படித்தான் பேசினார். சௌந்திரத்தின் கணவர் அப்புசாமி இருபது வருடம் ரிக் வண்டியில் போர்வெல் போட்டவர். கல் தூசி நுரையீரலில் படிந்து, ஆக்சிஜன் மெஷினோடு கட்டிலில் கிடந்தார். மெஷின் ராப்பகலாக ஓடியதில் கரண்டு பில் ஏறவே, சௌந்திரமே ஆள் அனுப்பிக் குணசீலனை வரவழைத்தார். எட்டுத் தகடுகள் மாட்டி முடித்த அன்று கட்டிலின் தலைமாட்டில் நின்ற ஆக்சிஜன் சிலிண்டரைக் காட்டினார். கரண்டு போகும் நேரத்துக்கென்று வாடகைக்கு எடுத்து வைத்திருந்தது அது.

"இனி இது வேண்டீதில்லீங்களா சாமி? திருப்பிக் குடுத்தரலாங்களா?"

ஏணியை மடக்கிக்கொண்டிருந்த குணசீலன், "வெயில் இருக்கற வரைக்கும் நமக்கென்னங்க அத்தை கவலை" என்றார். பக்கத்து வீட்டுப் பொன்னன் தனக்கும் விலை கேட்டு வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் காதுபட வேறு எதையும் சொல்லக் குணசீலனுக்கு வாய் வரவில்லை. கரண்டு போனாலும் பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறது, பிறகு ஒருநாள் தனியாக வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அந்த ஒருநாள் வரவில்லை. சிலிண்டர் மறுவாரமே திரும்பிப் போனது.

வைகாசியில் ஒரு காலை, வைக்கோல் ஏற்றி வந்த லாரி ஊர் முனையில் மின்கம்பத்தைச் சாய்த்தது. கம்பிகள் ரோட்டில் விழுந்தன. வானத்தில் ஒரு மேகம் இல்லை. மெஷின் நின்றதும் சௌந்திரம் பதறவில்லை. இதோ ஓடும், இதோ ஓடும் என்று பார்த்தார். பிறகு தகட்டில் தூசி படிந்திருக்கும் என்று நினைத்து மாடியேறி, முந்தானையை நனைத்து எட்டுத் தகடுகளையும் துடைத்தார். கீழே வந்தபோது அப்புசாமியின் உதடு நீலம் பாரித்திருந்தது. அதன் பிறகுதான் குணசீலனுக்குப் போன் செய்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று கத்திவிட்டு அவர் வண்டியை எடுத்தார். அவர் ஊர் வந்து சேர்வதற்குள் ஆம்புலன்ஸ் புறப்பட்டுப் போயிருந்தது. பாதி வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது.

மூன்றாம் நாள் குணசீலன் போனார். சௌந்திரம் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

"வெயிலு அந்தப் போடு போட்டுதுங்களே சாமி. ஏனுங்க ஓடல?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அந்தம்மா குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா சிலிண்டர வெச்சிருப்பனுங்களே."

வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று குணசீலன் பிற்பாடு மனைவி கோகிலவாணியிடம் சொன்னார். தகடுகளைக் கழற்றிவிடச் சொல்லி சௌந்திரம் கேட்டுக்கொண்டார். குணசீலன் ஏறும்போது ஏணி வழுக்காமல் கீழே நின்று பிடித்துக்கொண்டதும் அவர்தான்.

சோலார் போட்ட ஊடு விளங்காது என்று பொன்னன் சந்தையில் சொன்னார். அது மல்லசமுத்திரம் முழுக்கப் பரவியது. ஏற்கெனவே போட்டிருந்த மூன்று வீட்டாரும் கழற்றச் சொன்னார்கள். தகட்டில் குற்றமில்லை, சொன்னவன் வாயில்தான் குற்றம் என்று விளக்கக் குணசீலன் ஒருமுறை முயன்றார். யாரும் நின்று கேட்கவில்லை. தன் பேச்சை இனி எதற்காக யாராவது கேட்க வேண்டும் என்று அவருக்கே தோன்றிவிட்டது. வலிக்கும் முதுகோடு சங்ககிரிக்கே திரும்பினார்.

போன தை மாதம் நர்மதா என்ற டீச்சர் அவரைத் தேடி லாரிப் பட்டறைக்கு வந்தார். வீட்டுக்கு சோலார் போட ஆசை, ஊரே பயமுறுத்துகிறது, எந்த வகை போட்டால் கரண்டு போனாலும் ஓடும் என்று உங்களுக்குத்தான் தெரியுமாமே என்று கேட்டார்.

குணசீலனுக்குத் தெரியும். எந்த பேட்டரி, எத்தனை மணி நேரம் தாங்கும், எதை இணைக்கலாம், எதை இணைக்கக் கூடாது, எல்லாம் தெரியும்.

"எனக்கு அந்தத் தொழில் தெரியாதுங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டு லாரிக்கு அடியில் போய்விட்டார். டீச்சர் கொஞ்ச நேரம் வெயிலில் நின்று பார்த்துவிட்டு ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.